9,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காருக்குச் சான்று ஏன் கிடைக்கவில்லை

என் சித்தப்பா மகன் கிருஷ்ணகிரிக்கு அருகே மாங்கூழ் ஆலை ஒன்றை நடத்தி வருகிறான். சித்திரை பிறந்ததிலிருந்து ஆனி முடியும் வரை, தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய வண்டிகள் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கும் காலத்தில், அவனோடு இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. இந்த ஆண்டு பருவம் முடிந்து, விவசாயிகளுக்கும் வங்கிக்கும் கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்துத் தீர்த்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். கல்லூரிக் காலத்திலிருந்து மனத்தில் வைத்திருந்த ஆசை ஒன்றை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னான். “அண்ணா, ஒரு போர்ஷே வாங்கலாம்னு இருக்கேன். புதுசு நமக்குக் கட்டாது, பழசுதான். நீங்க கூட வந்து பாத்துச் சொன்னாத்தான் எடுப்பேன்” என்றான். ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது என்பது சித்தியின் கண்டிப்பு. ஆகவே ஆடி முழுவதும் பார்ப்பது, ஆவணி பிறந்ததும் எடுப்பது என்று முடிவாயிற்று.

நான் மோட்டார் காப்பீட்டு சர்வேயர். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இழப்பை மதிப்பிடுவது என் தொழில். பதினேழு ஆண்டுகளாகத் தொப்பூர் கணவாயிலிருந்து ஓசூர் எல்லை வரை, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நொறுங்கிய வண்டிகளைத்தான் அதிகம் பார்த்து வருகிறேன். அதே வண்டிகள் ஆறு மாதம் கழித்து, டிங்கரிங் முடித்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, விற்பனைக்குப் புதுப் பெண் போல நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் பழைய காரில் கண்ணுக்குத் தெரிவதைக் கடைசியில்தான் நம்புவேன். ஆனாலும், சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு அதைத் தயாரித்த நிறுவனமே தரும் சான்று எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று முழுமையாகப் பார்த்தது இந்த ஆடியில்தான். இரண்டு கார்களைப் பார்த்தோம். 9,000 கிலோமீட்டர் ஓடியது தேறவில்லை. 41,000 கிலோமீட்டர் ஓடியது தேறியது. எங்கள் பக்கத்தில் இப்போது பலர் பெங்களூரிலிருந்து பழைய சொகுசுக் கார்களை எடுத்து வருகிறார்கள். அவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியும், பெரும்பாலும் கடைசிக் கேள்வியும், “எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?” என்பதாகவே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

‘சர்டிஃபைடு ப்ரீ-ஓன்டு’, அதாவது சான்று பெற்ற பழைய கார் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் பரவியது. குத்தகைக்குக் கொடுத்த சொகுசுக் கார்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மொத்தமாகத் திரும்பி வந்தபோது, அவற்றை ஏலத்தில் தள்ளிவிட்டுப் பெயரைக் கெடுத்துக்கொள்வதைவிட, நிறுவனமே சோதித்து, பழுது நீக்கி, உத்தரவாதம் சேர்த்து விற்பது நல்லது என்று மெர்சிடிஸ்-பென்ஸ், லெக்சஸ் போன்ற நிறுவனங்கள் கண்டுகொண்டன. இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் இதற்கென ஒரு பெயர் வைத்திருக்கின்றன. போர்ஷே அப்ரூவ்டு, ஃபெராரி அப்ரூவ்டு, லம்போர்கினி செலெட்சியோனே, பிஎம்டபிள்யூ பிரீமியம் செலக்‌ஷன், ஆடி அப்ரூவ்டு பிளஸ், மெர்சிடிஸ்-பென்ஸ் சர்டிஃபைடு என்பவை அவற்றுள் சில. போர்ஷே 111 இனங்களைச் சோதிப்பதாகச் சொல்கிறது; ஆடி கார் நிறுவனம் 300-க்கும் மேல் என்கிறது. இந்த எண்ணிக்கையை வைத்து ஒன்றைவிட மற்றொன்று கடுமையானது என்று முடிவு கட்டுவது தவறு. நான்கு கதவின் கண்ணாடிகளும் ஏறி இறங்குகின்றனவா என்பதை ஓர் இனமாகவும் எழுதலாம், நான்காகவும் எழுதலாம்.

இதைவிட முக்கியமானது, சான்று தருபவர் யார் என்பதே. கலிஃபோர்னியாவில் 2006 முதல் இதற்கென ஒரு சட்டம் இருக்கிறது. கிலோமீட்டர் மீட்டரில் கை வைத்த கார், வெள்ளத்தில் மூழ்கிய கார், அடிச்சட்டம் சேதமடைந்த கார் ஆகியவற்றைச் ‘சான்று பெற்றது’ என்று விற்பது அங்கே குற்றம். சோதனையின் முடிவுகள் அடங்கிய அறிக்கையை வாங்குபவரிடம் கொடுத்தே ஆக வேண்டும். நம் ஊரிலோ சாலையோர விற்பனையாளர் ஒருவர் கூடத் தம் கடையில் நிற்கும் காரின் கண்ணாடியில் ‘சர்டிஃபைடு’ என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட முடிகிறது. பல நிறுவனக் கார்களையும் கலந்து விற்கும் பெரிய கடைகள் தரும் சான்றுகளில் பயனுள்ளவை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்று வரும்போது, அந்தக் காரின் கணினிக்குள் புகுந்து பார்க்கும் கருவியும், ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இருக்கும் அதன் பிறப்புப் பதிவைத் திறக்கும் அனுமதியும் நிறுவனத்தின் பணிமனைக்குத்தான் உண்டு. மேலும், சான்று கொடுத்த பிறகு கியர்பாக்ஸ் பழுதானால் செலவை ஏற்கப்போவது உத்தரவாதம் கொடுத்த நிறுவனம். தன் பணம் போகும் என்று தெரிந்தவர் பார்க்கும் பார்வைக்கும், விற்றால் தரகு கிடைக்கும் என்று நினைப்பவர் பார்க்கும் பார்வைக்கும் உள்ள வேறுபாட்டை நான் தொழிலில் தினமும் காண்கிறேன்.

முதலில் பார்த்தது 9,000 கிலோமீட்டர் ஓடிய, மஞ்சள் நிற போர்ஷே 718 பாக்ஸ்டர், 2018-ஆம் ஆண்டு வண்டி. இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், 300 குதிரைத்திறன், ஒரே உரிமையாளர். “ஷெட்டை விட்டு வெளியவே வராத வண்டி சார்” என்று தரகர் திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மைதான் என்பது பின்னால் தெரிந்தது. தம்பிக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. தனியாரிடம் இருக்கும் காரையும் நிறுவனத்தின் பணிமனைக்குக் கொண்டுபோய், கட்டணம் செலுத்தி அதே 111 இனச் சோதனையைச் செய்யச் சொல்லலாம். தேறினால் உத்தரவாதத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். “சோதனைக் கூலி என் கையிலிருந்து போனாலும் சரி, முதலில் அங்கே ஏற்றிப் பார்ப்போம்” என்றேன். தரகர் முகம் சுளித்தாலும் உரிமையாளர் ஒப்புக்கொண்டார்.

பணிமனையில் முதலில் காரைத் தொடவே இல்லை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சேஸிஸ் எண்ணைக் கணினியில் இட்டு, அந்தக் கார் ஆலையிலிருந்து எந்த நிறத்தில், எந்தெந்த வசதிகளோடு வெளியேறியது, எந்தெந்தத் தேதியில் எங்கே பராமரிப்புக்கு வந்தது, நிறுவனம் திரும்ப அழைத்துச் செய்யச் சொன்ன திருத்தங்களில் எவை முடிந்தன, எவை பாக்கி என்பதையெல்லாம் பார்த்தார்கள். பராமரிப்புப் பதிவு 2020-ஆம் ஆண்டோடு நின்றுபோயிருந்தது. ஓடாத வண்டிக்கு எதற்குச் சர்வீஸ் என்று உரிமையாளர் விட்டுவிட்டிருக்கிறார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் எஞ்சின் ஆயில் காலத்தாலும் கெடுகிறது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதன் கொதிநிலை குறைந்துபோவதால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எத்தனால் கலந்த பெட்ரோலும் தொட்டியில் நீண்ட நாள் தேங்கினால் ஈரத்தை வாங்கும். ஷெட்டில் நிற்கும் கார் ஓய்வெடுக்கிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் காலத்தில், அதன் ரப்பர் வளையங்கள் காய்ந்து இறுகிக்கொண்டிருக்கின்றன.

அடுத்து டயர். அதன் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். அந்த மஞ்சள் காரின் நான்கு டயர்களிலும் 3817 என்று இருந்தது. 2017-ஆம் ஆண்டின் 38-ஆம் வாரம் என்று பொருள். பட்டன் தேயவே இல்லை. நகத்தால் அழுத்தினேன், மரக்கட்டையை அழுத்துவது போல இருந்தது. பக்கவாட்டில் மெல்லிய தலைமுடி போன்ற விரிசல்கள் ஓடின. ஆறு வயதைத் தாண்டிய டயரை மாற்றச் சொல்வது போர்ஷேவின் பரிந்துரை. மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய காரில் டயரின் வயது உயிர் சம்பந்தப்பட்டது. அதோடு, கடையில் கிடைக்கும் எந்த டயரையும் மாட்டிவிட முடியாது. போர்ஷேவுக்கென்று சோதித்து ஒப்புக்கொண்ட டயர்களில் ‘என்’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரக் குறி, மெர்சிடிஸுக்கு ‘எம்ஓ’, ஆடிக்கு ‘ஏஓ’. வேறு டயர் மாட்டியிருந்தால் கார் ஓடும், ஆனால் சான்றுக்குத் தேறாது. டயரைக் காசு கொடுத்து மாற்றிவிடலாம் என்பதால் இது சரிசெய்யக்கூடிய குறையில்தான் சேரும்.

சரிசெய்ய முடியாத குறை கணினியில் இருந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள துளையில் வயரைச் செருகி, எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியைப் படிக்கத் தொடங்கிய இளைஞர், அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு திரையைத் திருப்பி எங்களிடம் காட்டினார். அந்தக் கணினியில் மென்பொருள் எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்ற கணக்கு உள்ளேயே பதிவாகும். நிறுவனத்தின் ஏட்டில் இருந்த எண்ணிக்கையும் காரில் இருந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. யாரோ குதிரைத்திறனைக் கூட்ட மென்பொருளை மாற்றியிருக்கிறார்கள். விற்பதற்கு முன்னால் பழையதையே மீண்டும் ஏற்றியிருக்கிறார்கள். எஞ்சின் இப்போது ஒழுங்காகத்தான் ஓடுகிறது. ஆனால் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி எவ்வளவு காலம், எவ்வளவு வெப்பத்தில் ஓட்டினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு நிறுவனம் உத்தரவாதம் கொடுக்காது. போர்ஷேவின் தாய்க் குழுமமான ஃபோக்ஸ்வாகனின் கார்களில் இப்படி மாற்றியது தெரியவந்தால் ‘டிடி1’ என்ற குறியீடு அந்தக் காரின் பெயரில் நிறுவனத்தின் மையப் பதிவிலேயே ஏறிவிடும். பிறகு எந்த ஊர்ப் பணிமனைக்குப் போனாலும் அது காரோடு போகும்.

கணினியில் படிக்கும் இன்னொரு பதிவையும் அந்த இளைஞர் காட்டினார். எஞ்சின் அதன் சுழற்சி வரம்பை, அதாவது நிமிடத்துக்கு இத்தனை சுற்றுக்கு மேல் சுழலக் கூடாது என்ற எல்லையை, எத்தனை முறை தொட்டது, எத்தனை முறை தாண்டியது என்பதை ஆறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் கடைசியாக அது எஞ்சினின் எந்த மணிநேரத்தில் நிகழ்ந்தது என்பதோடு போர்ஷேவின் கணினி குறித்து வைக்கிறது. முதல் படிகளில் எண்ணிக்கை இருப்பது இயல்பு. காரை அதன் இயல்புப்படி வேகமாக ஓட்டினாலே ஏறும். மேல் படிகளில் பதிவு இருந்தால்தான் கவலை. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கணினி எரிபொருளை நிறுத்திவிடும் என்பதால், மிதித்து அந்த வேகத்துக்குக் கொண்டுபோக முடியாது. கையால் கியர் மாற்றும் காரில் ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்குப் போவதாக நினைத்து இரண்டாவதைப் போட்டுவிட்டால், சக்கரங்களே எஞ்சினைப் பிடித்து இழுத்து அந்த எல்லைக்குக் கொண்டுபோகும். வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று தொடும் அபாயம் அப்போதுதான். மேல் படியில் பதிவு இருந்து, அது அண்மைக் காலத்தியதாகவும் இருந்தால் சான்று கிடையாது. அதற்குப் பிறகு நீண்ட நேரம் பழுதின்றி ஓடியிருந்தால் பரிசீலிப்பார்கள். தானே கியர் மாற்றும் பிடிகே பெட்டி உள்ள காரில் தவறான கியருக்கு அந்தப் பெட்டியே இடங்கொடுக்காது. மஞ்சள் காரும் அந்த வகை என்பதால் அதில் அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தது.

என் தொழில் வழக்கப்படி, பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியை நானும் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஆலையில் அடித்த பெயின்ட் ஏறக்குறைய 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 200-ஐத் தாண்டினால் மேலே மறுபடி அடித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். 1,000-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. மஞ்சள் காரின் இடது பின்பக்கத்தில் 380 காட்டியது. சுவரில் உரசியிருக்கலாம். மறுபெயின்ட் அடித்ததற்காக மட்டும் யாரும் சான்றை மறுப்பதில்லை; அடிச்சட்டமும் அதன் இணைப்புப் புள்ளிகளும் அளவு மாறாமல் இருந்தால் போதும். ஆயினும் தரகர் அதை எங்களிடம் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலை நாங்கள் பெங்களூரிலிருந்து திரும்பி வரும்போது, மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளி வரை தம்பி வாய் திறக்கவில்லை. பிறகு, “மாத்தின மென்பொருளைத் திருப்பிப் போட்டுட்டாங்களே அண்ணா, அப்புறம் என்ன?” என்று கேட்டான். நான் தொப்பூரில் பார்த்த ஒரு காரைப் பற்றிச் சொன்னேன். காப்பீட்டில், பழுதுபார்க்கும் செலவு காரின் அறிவிக்கப்பட்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கொள்வோம். அப்படி நானே முழு இழப்பு என்று எழுதிக் கொடுத்த கார் ஒன்றை, இரண்டு ஆண்டு கழித்து வேறு நிறத்தில், வேறு மாவட்டத்தில், மறுபடி விபத்துக்குள்ளான நிலையில் பார்த்தேன். முன்பக்கத்தை வெட்டி வேறொரு காரின் முன்பக்கத்தை வெல்டிங் செய்து ஒட்டியிருந்தார்கள். இரண்டாவது மோதலில் அந்த வெல்டிங் கோட்டில்தான் பிளந்தது. திருப்பிப் போட்டது, திருப்பி அடித்தது, திருப்பி ஒட்டியது எல்லாம் வெளியிலிருந்து பார்க்கப் புதிது போலவே இருக்கும் என்றேன். அவன் அதன் பிறகு மஞ்சள் காரைப் பற்றிப் பேசவில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் மாவட்டத்துக்கு வரும் சொகுசுக் கார்கள் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகின்றன. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2022 செப்டம்பரில் பெங்களூரின் வெளிவட்டச் சாலைப் பகுதியிலும், விலை உயர்ந்த கார்கள் தண்ணீரில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். அவற்றுக்கு எந்த நிறுவனமும் சான்று தராது. பணிமனையில் இதற்கென்று பார்க்கும் இடங்கள் எளியவைதான், வாங்குபவரே பார்க்கலாம். சீட் பெல்ட்டை அதன் உருளையிலிருந்து முழுவதும் வெளியே இழுத்தால், கழுவ மறந்த கடைசி அடியில் சேற்றின் கோடு தெரியும். இருக்கையை முன்னே தள்ளி, அது ஓடும் தண்டவாளத்தின் திருகுகளில் துரு இருக்கிறதா என்று பார்க்கலாம். தரைவிரிப்பைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சை முகர்ந்து பார்த்தால் மூக்கே சொல்லிவிடும்.

இரண்டாவது கார் சாம்பல் நிற 718 கேமன், 2019-ஆம் ஆண்டு வண்டி. நிறுவனத்திடம் வேறொரு கார் எடுத்த வாடிக்கையாளர் மாற்றாகக் கொடுத்துவிட்டுப் போனது. மீட்டரில் 41,000 கிலோமீட்டர். தம்பிக்கு அந்த எண்ணும் பிடிக்கவில்லை, நிறமும் பிடிக்கவில்லை. ஆனால் அதன் ஏடு என்னைக் கவர்ந்தது. ஆண்டு தவறாமல் பராமரிப்பு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் திரவம், நடுவில் ஒருமுறை முன் பம்பரில் கல்லடி பட்டதற்கு மறுபெயின்ட், அதற்கான பில், இரண்டு சாவிகள் என எல்லாம் கையில் இருந்தன. மீட்டரில் உள்ள கிலோமீட்டரை மட்டும் வைத்துப் பணிமனையினர் முடிவு செய்யவில்லை. காரில் உள்ள வெவ்வேறு கணினிகளில் பதிவான தூரத்தையும், எஞ்சின் ஓடிய மொத்த மணிநேரத்தையும் எடுத்து ஒப்பிட்டார்கள். மணிநேரத்தால் தூரத்தை வகுத்தால் சராசரி வேகம் வரும். நகர நெரிசலில் ஊர்ந்த காரா, நெடுஞ்சாலையில் ஓடிய காரா என்று அந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது. இது நெடுஞ்சாலைக் கார்.

லிஃப்டில் ஏற்றி அடித்தட்டைக் கழற்றியபோது நான் கீழே நின்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். 718-இல் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் அதைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்கள் முன்பக்கப் பம்பரின் இரு ஓரங்களிலும், காற்றை அள்ளும் வாய்களுக்குள்ளே உட்கார்ந்திருக்கின்றன. சக்கரத்தின் உள்மறைப்பை எடுத்ததும் ஒரு கைப்பிடி இலைச்சருகு மெக்கானிக்கின் முகத்தில் கொட்டியது. பெங்களூர்த் தெருக்களில் கூடாரம் போல நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் சின்னஞ்சிறு இலைகள், மழைச்சேற்றோடு சேர்ந்து, ரேடியேட்டருக்கும் அதன் முன்னாலுள்ள ஏசி கண்டென்சருக்கும் இடையே கெட்டியான அடையாகப் படிந்திருந்தன. அந்த அடை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அலுமினியத் தகடுகளை அரிக்கும். வெளியிலிருந்து எத்தனை முறை கழுவினாலும் அது போகாது. பம்பரைக் கழற்றினால்தான் போகும். மெக்கானிக் பெயின்ட் பிரஷால் ஒரு மணி நேரம் பொறுமையாகத் தட்டித் தட்டி எடுத்தார். ஒரு கண்டென்சரின் கீழ்மூலை அரித்துப்போயிருந்ததால் அதை மாற்ற எழுதினார்கள்.

பிரேக் டிஸ்க்கின் நடுப்பகுதியில், இதற்குக் கீழே தேயக் கூடாது என்ற தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரை வைத்து எட்டு இடங்களில் அளந்து எழுதினார்கள். முன் டிஸ்க்குகள் வரம்புக்கு மேலே இருந்தாலும், அடுத்த ஆண்டுக்குள் வரம்பைத் தொட்டுவிடும் என்பதால் இரண்டையும் மாற்றினார்கள். இது இரும்பு டிஸ்க். கார்பன் செராமிக் டிஸ்க் உள்ள கார்களில் தடிமன் பெரிதாகக் குறையாது. உள்ளிருக்கும் கார்பன் எரிந்து போவதுதான் அதன் தேய்மானம். அதனால் அதை எடை போட்டோ அதற்கான மின்னணுக் கருவியை வைத்தோ பார்க்கிறார்கள். அத்தகைய டிஸ்க்குகளை மாற்றும் செலவு பல லட்சங்களைத் தொடும் என்பதால், அந்த வகைக் கார் வாங்க நினைப்பவர்கள் பெயின்டைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த அளவைக் கேட்பது நல்லது.

டயர்களை அச்சுக்கு இரண்டாக, ஒரே மாதிரியாக மாற்றினார்கள். பிறகு இரவு முழுவதும் நிறுத்தி வைத்து, மறுநாள் காலை எஞ்சின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து கேட்டார்கள். சூடான எஞ்சின் பல சத்தங்களை மறைத்துவிடும் என்பதால் இதை நான் எந்தக் காருக்கும் வலியுறுத்துவேன். ஓட்டிப் பார்த்தபோது கூடச் செல்ல எங்களை அனுமதிக்கவில்லை. அது அவர்கள் விதி. பழுது நீக்கப் போட்ட பாகங்கள் அனைத்தும் நிறுவனத்தின் அசல் பாகங்களாகவே இருக்க வேண்டும் என்பதும் விதி. எல்லாம் முடிந்து சான்று வர இரண்டு வாரம் ஆயிற்று. குறைந்தது 12 மாத உத்தரவாதம். பிறகு ஆண்டுதோறும் சோதனையில் தேறினால் நீட்டித்துக்கொள்ளலாம். டயர், பிரேக், கிளச் போன்று தேயும் பாகங்கள் அதில் சேரா என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே தம்பிக்குப் படித்துக் காட்டினேன்.

ஒரு விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. நிரப்பிய சோதனைத் தாளைத் தாங்களாகவே தர அவர்கள் முன்வரவில்லை. “சான்றிதழ்தான் இருக்கே சார்” என்றார்கள். இரண்டு முறை கேட்ட பிறகுதான் நகல் கிடைத்தது. பம்பரில் மறுபெயின்ட் அடித்தது, டிஸ்க்கின் தடிமன், சுழற்சி வரம்புப் பதிவு எல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கின்றன. சான்றிதழில் ஒரு முத்திரை மட்டுமே இருக்கிறது. பணம் கொடுப்பவருக்கு அந்தத் தாளைப் பார்க்கும் உரிமை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கே வாங்கினாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன விற்பனையாளர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்து அங்கீகாரம் பெற வேண்டும். உரிமையாளர் காரை அவர்களிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி வழியாகத் தெரிவித்தபின், அது விற்கும் வரை அவர்களே உரிமையாளராகக் கருதப்படுவார்கள். இடைக்காலத்தில் நடக்கும் விபத்துக்கும் வழக்குக்கும் யார் பொறுப்பு என்ற பழைய குழப்பம் இதனால் குறைந்திருக்கிறது. நிறுவனம் தன் லாபத்தின்மீது செலுத்தும் 18 சதவீத ஜிஎஸ்டியும் விலைக்குள்ளேயே அடங்கும். அதற்கு மேல், கர்நாடகப் பதிவுள்ள காரை எங்கள் பக்கம் கொண்டுவந்தால் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 சதவீதம்; காரின் வயதுக்கு ஏற்ப அது குறையும். கர்நாடகத்தில் முன்பு கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். இந்தக் கணக்கை முதலிலேயே போடாமல் விலை பேசிவிட்டு, பிறகு கர்நாடக எண்ணோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு சோதனைச் சாவடிகளில் நிற்பவர்களை எனக்குத் தெரியும். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை.

ஆவணி முதல் வாரத்தில் கார் கிருஷ்ணகிரிக்கு வந்தது. சித்தி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் அடியில் வைத்து, முன்னால் தேங்காய் உடைத்தார். மறுபதிவு முடிந்து இப்போது டி.என்.24 எண்ணில் ஓடுகிறது. தம்பிக்குச் சாம்பல் நிறம் பழகிவிட்டது. வாரத்தில் ஒரு நாள், விடியற்காலையில், காவேரிப்பட்டினம் தாண்டித் தருமபுரி வரை போய்த் திரும்புகிறான். போன வாரம் வேறு வேலையாக ஆலைக்குப் போனபோது, அலுவலகச் சுவரில் லாரி வரத்தும் ஜாடி எண்ணிக்கையும் எழுதும் நாட்காட்டியில், வரும் ஆனி மாதத்துத் தேதி ஒன்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘பிரேக் ஆயில், இலை எடுக்கணும்’ என்று அவன் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன்.